ஆங்கில வகுப்பில் போர்டு கேம்: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிட பீரியட், பெஞ்சை நகர்த்த இடமில்லாத அறை, தமிழ் வழி. இந்த நிலைமையில் போர்டு கேம் வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள் இவை. விளையாட்டு ஏன் நல்லது என்ற வியாக்கியானம் இதில் கிடையாது. நம்பி ஆரம்பித்துவிட்டு, பாதியில் கைவிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் தெரிகிற அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கிறது கடைசியில்.

அதற்கு முன் எல்லா அறிகுறிக்கும் பொதுவாக ஒரு சோதனை. நான் இதை வாய்ப்பூட்டுச் சோதனை என்பேன். வாயையே திறக்காமல் ஒரு பிள்ளை இந்த ஆட்டத்தில் ஜெயித்துவிட முடியுமா? முடியும் என்றால் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். பரமபதம், லூடோ, ஊனோ எதுவும் இதில் தேறாது. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கிற ஸ்கிராபிள்கூடத் தேறாது. தேறவில்லை என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

## ஆட்டம் களைகட்டுகிறது, பேச்சு முழுக்கத் தமிழில்

ஆசிரியர் அறையில் அதிகம் கேட்கிற புகார் இதுதான்.

ஒரு குழுவின் பக்கத்தில் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். எதையும் திருத்த வேண்டாம். காதில் விழுகிற ஆங்கிலத்தை மட்டும் அப்படியே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிடும்.

### நோட்டில் எண்ணும் நிறமும் மட்டும் இருந்தால்

'ஃபோர், சிக்ஸ், ரெட்' என்பதோடு நின்றுவிட்டதா? ஆட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. காயை நகர்த்த வாக்கியம் தேவைப்படாதபோது எந்தப் பிள்ளை வேலை மெனக்கெட்டு வாக்கியம் சொல்லும்? நகர்த்துவதையும் சொல்வதையும் முடிச்சுப் போடுங்கள்.

அதற்காகப் பரமபதத்தின் எல்லாக் கட்டத்திலும் பேச வைத்தால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும், பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள். ஏணியிலும் பாம்பிலும் மட்டும் வைத்தால் போதும். ஏணியில் ஏற வேண்டுமானால், அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிற வினைச்சொல்லை வைத்து நேற்று நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் தப்பிக்க ஒரு சாக்குச் சொல்ல வேண்டும்: 'ஐ வாஸ் லேட் பிகாஸ்' என்று ஆரம்பித்து, பஸ் வரவில்லை, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, எதுவானாலும் சரி. சாக்குச் சொல்வதில் நம் பிள்ளைகளுக்கு இருக்கிற கற்பனை கட்டுரை நோட்டில் ஒருநாளும் வராது. எதிரணி சாக்கை ஏற்றுக்கொண்டால் கீழே இறங்க வேண்டாம், இருந்த கட்டத்திலேயே இருக்கலாம். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, எதிரணி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். கேட்கும் பயிற்சி அப்படியே இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

நூறு கட்டப் போர்டு ஒரு பீரியடில் முடியாது. முப்பத்தாறு கட்டம் போதும், ஆறுக்கு ஆறு.

தாயம் வைத்து ஆடுகிறவர்கள் கவனிக்க: தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். லூடோவில் ஆறு விழுந்தால்தான் வெளியே வரலாம் என்பதும் அப்படித்தான். விழாத பிள்ளை பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தால், அந்தப் பத்து நிமிடமும் அதற்குப் பேச வேலையே இல்லை.

### சண்டை வந்ததும் தமிழுக்குத் தாவினால்

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்கு அந்த நேரத்தில் சொல்ல நிஜமாகவே ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கான ஆங்கிலம்தான் கையில் இல்லை. பாடப்புத்தகம் 'மே ஐ கம் இன்' கொடுக்கும். 'ஏய், நீ ரெண்டு கட்டம் சேர்த்து வச்சுட்டே' என்பதற்கு எதுவும் கொடுக்காது.

அதனால் மற்ற எதற்கும் முன்னால் சண்டை வாக்கியங்களைச் சொல்லிக்கொடுங்கள். 'தட்ஸ் நாட் ஃபேர்', 'கவுன்ட் அகெய்ன்', 'ரோல் இட் அகெய்ன்', 'இட்ஸ் மை டர்ன், நாட் யுவர்ஸ்', 'யூ மூவ்ட் டூ மெனி ஸ்பேசஸ்'. ஐந்தாறு போதும். ஆட்டத்துக்கு முன் வகுப்பு மொத்தமும் ஒருமுறை கோபமாக, ஒருமுறை கெஞ்சலாக, ஒருமுறை கிண்டலாகச் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் ஒரே விதி: ஆங்கிலத்தில் கொண்டுவருகிற புகாரை மட்டும்தான் மிஸ் விசாரிப்பார். 'மிஸ், இவன் ஏமாத்துறான் மிஸ்' என்று வந்தால் காது கேட்காதது போல நில்லுங்கள். இரண்டாவது முறை 'மிஸ், ஹி சீட்டட்' என்று வரும். வந்தவுடன் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும், இழுக்கக் கூடாது.

### நோட்டில் ஒன்றுமே இல்லை என்றால்

வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கரும்பலகையில் அழகாக எழுதியிருப்பீர்கள். பிள்ளைகளோ குனிந்து போர்டையே பார்க்கிறார்கள், பாதிப் பேருக்குக் கரும்பலகை முதுகுப் பக்கம். அதே வாக்கியங்களைப் போர்டின் நான்கு ஓரங்களிலும் எழுதி ஒட்டுங்கள். செலவு ஒரு சார்ட் அட்டை, ஒரு ஸ்கெட்ச் பேனா.

அடுத்து, உங்கள் பேச்சையே கொஞ்சம் கவனியுங்கள். 'சீக்கிரம் ஆடுங்கப்பா, அடுத்து யாரு?' என்று நடுவர் வேலையைத் தமிழில் பார்த்துக்கொண்டே பிள்ளைகளிடம் ஆங்கிலம் எதிர்பார்த்தால் நடக்காது.

தமிழில் பேசினால் ஒரு பாயிண்ட் கழிப்பு, ஒரு ரூபாய் அபராதம் என்று சிலர் வைக்கிறார்கள். அது உடனே பலன் கொடுத்ததுபோலத் தெரியும். தமிழ் நின்றுவிடும், கூடவே பேச்சும் நின்றுவிடும். அதன்பின் கேட்பதெல்லாம் பகடை உருள்கிற சத்தம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

## விதியைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது

விதிகளை ஆங்கிலத்தில் சொன்னீர்களா? முதல் தடவை தமிழிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைய பாடம் வாக்கியங்கள், விதிமுறை இல்லை. இரண்டாவது வாரம் அதே ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னால் தானாகப் புரியும்.

தமிழில் சொல்லியும் நேரம் போகிறது என்றால், சொல்வதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ஒரு குழுவை நடுவில் உட்காரவைத்து இரண்டு சுற்று ஆடச் சொல்லி, மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். அரிதாக வருகிற விதிகளை, அவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் ஆட்டமே பிள்ளைகளுக்குப் புதிது. ஏற்கனவே தெரிந்த எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடிய பிள்ளைக்குப் பாம்பையும் ஏணியையும் விளக்க வேண்டியதில்லை. தாயமும் ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தான். கடையில் வாங்கிய கோட்நேம்ஸ் போன்ற பெட்டிதான் வேண்டுமென்றால் விதிகளை வெட்டுங்கள். ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்கள் விரித்து, ஒற்றைச் சொல் குறிப்பு கொடுத்து, தன் அணிச் சொற்களைக் கண்டுபிடிக்க வைப்பது மட்டும் முதல் நாளுக்குப் போதும். தொட்டால் உடனே தோற்றுப்போகிற கொலையாளிச் சொல்லெல்லாம் அடுத்த மாதம்.

கோட்நேம்ஸுக்கு இன்னொரு எச்சரிக்கை. குறிப்புக் கொடுக்கிறவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும்தான் சொல்வார். நிஜமான பேச்சு யூகிக்கிறவர்களுக்குள் நடக்கிற விவாதம், அது தமிழில் போய்விடும். 'ஐ திங்க் இட்ஸ்... பிகாஸ்...' என்று சொல்லாமல் அட்டையைத் தொடக் கூடாது என்று வைத்தால்தான் வாய்ப்பூட்டுச் சோதனையில் தேறும்.

## நாலு பேர் ஆடுகிறார்கள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் குழு, ஆளுக்கு அரை நிமிடம். ஒரு பிள்ளைக்கு மறுபடி முறை வர இரண்டரை நிமிடம் ஆகும். இருபத்தைந்து நிமிட ஆட்டத்தில் எட்டு முறைதான் வாய் திறக்கும். அதையே நாலு பேரை இரண்டு ஜோடியாக்கி ஆடவைத்தால் காத்திருப்பு அரை நிமிடம், ஒவ்வொரு ஜோடிக்கும் இருபத்தைந்து முறை வரும். ஜோடிக்குள் என்ன சொல்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது தனி லாபம்.

ஆக முதல் வைத்தியம் குழுவைச் சின்னதாக்குவது. அதற்குப் பத்து போர்டு வேண்டும். ஒன்றை நீங்கள் வரைந்து, ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்து, காலண்டர் அட்டையில் ஒட்டினால் முடிந்தது. காய்க்குப் புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், பேனா மூடி. பெஞ்சு தடுக்கிறது என்றால் வராந்தா, மரத்தடி.

ஒரே போர்டுதான் இருக்கிறதா? கரும்பலகையில் பெரிதாக வரைந்து வகுப்பை நாலு அணியாகப் பிரியுங்கள். பதில் சொல்ல அணியிலிருந்து யார் எழுந்திருப்பது என்பதை வருகைப்பதிவு எண் எழுதிய சீட்டு முடிவு செய்யட்டும். இல்லாவிட்டால் அணிக்கு ஒரு கெட்டிக்காரி, மற்றவர்கள் கைதட்டல்.

## யூகிக்கும் ஆட்டத்தில் கேள்வி வரவில்லை, ஒற்றைச் சொல்தான் வருகிறது

கெஸ் ஹூ வகை ஆட்டங்கள்: 24 முகங்கள், எதிராளி மனதில் வைத்திருக்கும் முகத்தைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். பேசவே செய்யப்பட்ட ஆட்டம் என்று நினைப்போம். வகுப்பில் நடப்பது வேறு. 'கண்ணாடி?' 'நோ.' 'மீசை?' 'எஸ்.' இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும், கேள்வி என்று ஒன்றுகூடக் காதில் விழுந்திருக்காது.

முதல் காரணம், ஒற்றைச் சொல்லுக்கும் பதில் கிடைக்கிறது. முழுக் கேள்வி வந்தால்தான் பதில் என்று வையுங்கள். அரைகுறையாகக் கேட்டால் எதிராளி 'சாரி?' என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த 'சாரி?' பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் திமிராகவே சொல்வார்கள், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, எந்தக் கேள்விக்கு 'இஸ்', எந்தக் கேள்விக்கு 'டஸ்' என்பது குழம்புகிறது. 'இஸ் ஹி ஹாவ் எ மஸ்டாஷ்' என்று வரும். இலக்கணம் விளக்கத் தொடங்காதீர்கள். இரண்டு நிற அட்டை போதும். நீல அட்டையில் 'டஸ் ஷி ஹாவ்...', சிவப்பு அட்டையில் 'இஸ் ஷி வேரிங்...'. கேட்கும்போது அந்த அட்டையைத் தொட்டுக்கொண்டே கேட்கட்டும். சில வாரத்தில் அட்டையைத் தொடாமலே வரும். வராத பிள்ளைக்கு அட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, முகங்களே பொருந்தவில்லை. பெட்டியில் வருகிற முகங்களில் முடி நிறத்துக்குத்தான் பாதி வேலை: பொன்னிறம், செம்பட்டை, பழுப்பு. நம் பிள்ளைகளுக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது? நீங்களே 24 முகம் வரையுங்கள், அல்லது வரையத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுங்கள். இரட்டை ஜடை, தலையில் பூ, கண்ணாடி, மீசை, தொப்பி, மூக்குத்தி, வேட்டி, பை. ஒவ்வோர் அடையாளமும் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 24 பேர் ஒரு நல்ல கேள்வியில் 12 ஆவார்கள், அப்புறம் 6, அப்புறம் 3. ஒரே ஓர் ஆளிடம் மட்டும் இருக்கிற அடையாளத்தை வைத்தால் ஆட்டம் குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும்.

வகுப்புப் பிள்ளைகளின் போட்டோவை மட்டும் வைக்காதீர்கள். குண்டு, கறுப்பு, பல் என்று கேள்விகள் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

டபூ மாதிரி, சொல்லைச் சொல்லாமல் விளக்குகிற ஆட்டத்திலும் இதே நோய்தான். மாம்பழத்துக்கு 'யெல்லோ, ஸ்வீட்' என்று உதிரியாக வந்தால், 'இட்ஸ் எ திங் தட்...', 'யூ கேன்... இட்' என்ற இரண்டு தொடக்கங்களைக் கையில் கொடுங்கள். பிக்‌ஷனரியில் வரைகிற பிள்ளை பேசவே கூடாது என்பதால் அது ஓய்வு நாளுக்கு.

## ஸ்கிராபிளில் பிள்ளைகள் எழுத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்

நன்கொடையாக வந்த ஸ்கிராபிள் பெட்டி பல பள்ளிகளின் பீரோவில் தூங்குகிறது. தூங்குவதற்குக் காரணம் உண்டு.

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கிலப் பெட்டியில் 100 கட்டைகள், அதில் இரண்டு வெற்றுக்கட்டை, உயிரெழுத்து 42. கண்ணை மூடி ஏழு எடுக்கும் பிள்ளைக்குச் சிலசமயம் ஓர் உயிரெழுத்துகூட வராது. கைதேர்ந்தவர்கள் அதையும் சமாளிப்பார்கள், ஆறாம் வகுப்பு சமாளிக்காது. இரண்டு பையில் பிரித்துப் போட்டு, உயிரெழுத்து மூன்று, மற்றது நாலு என்று எடுக்கச் சொல்லுங்கள். க்யூ, எக்ஸ், இசட், ஜே நான்கையும் ஓரமாக வைத்துவிடலாம். போர்டில் நிறம் போட்டிருக்கும் போனஸ் கட்டங்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அப்படியும் நகரவில்லை என்றால் சொல்வளம் போதவில்லை. பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடட்டும். காப்பியடிப்பு என்று தோன்றும். ஒரு சொல்லைத் தேடிப் பிள்ளை தானாக நாலு பக்கம் புரட்டுவதைவிட வேறென்ன வேண்டும்?

நகர்கிறது, ஆனால் வகுப்பே நிசப்தமாக இருக்கிறதா? இதுதான் ஸ்கிராபிளின் பிறவிக் குணம். அது எழுத்துக்கூட்டும் ஆட்டம், பேசும் ஆட்டம் கிடையாது. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது, சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனார். உலகப் பட்டத்தையே மொழி தெரியாமல் வாங்கலாம் என்றால் வாய்ப்பூட்டுச் சோதனைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனவே வைக்கிற சொல்லுக்கு ஒரு மதிப்பெண், அதை வைத்து வாக்கியம் சொன்னால் அந்த மதிப்பெண் இரட்டிப்பு, பக்கத்து ஜோடி அந்த வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றினால் அவர்களுக்கும் பாதி.

## எப்போதும் ஒரே பிள்ளைதான் ஜெயிக்கிறது

முழுக்கத் திறமை சார்ந்த ஆட்டத்தைத் தொடர்ந்து வைத்தால் இப்படித்தான் ஆகும். பகடை உள்ள ஆட்டத்துக்கு மாறுங்கள். வாக்கியம் சொல்லத் தெரிந்தாலும் இரண்டு விழுந்தால் இரண்டுதான் நகரும், பின்பெஞ்சுக்கும் ஒரு நாள் வரும். ஜோடிகளை மாற்றுங்கள், கெட்டிக்காரப் பிள்ளையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடுவராக்குங்கள். நடுவர் முழுக்க ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பதால் அதற்கும் சவால் கிடைக்கும். முடிந்தால் எல்லாரும் ஓர் அணி, மணிக்கு எதிராக ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டம் வையுங்கள்.

அழுகை, ஏமாற்று, பகடையை மறைப்பது எல்லாம் இதோடு சேர்ந்தே வரும். பரிசுப் பொருள் வைத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். சாக்லேட்டுக்காக ஆடுகிறபோது வாக்கியம் இடைஞ்சலாகிவிடுகிறது.

## சத்தம், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வருகிறது

எந்தச் சத்தம் என்று பிரித்துக் கேளுங்கள். பிளாஸ்டிக் பகடை பெஞ்சில் விழும் சத்தமா? அடியில் துணி விரியுங்கள், அல்லது பகடையை மூடிபோட்ட டப்பாவில் போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். கீழே விழுந்த பகடையைத் தேடிப் பெஞ்சுக்கு அடியில் பத்துப் பேர் போவதும் நிற்கும். பகடையே இல்லாமல், ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதிய சீட்டைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்தாலும் வேலை நடக்கும்.

பேச்சுச் சத்தமா? அதைக் கேட்கத்தானே இவ்வளவு பாடும். அன்றைக்கு ஆட்டம் உண்டு என்று பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி பீரியடாகப் பார்த்து வையுங்கள். தலைமையாசிரியரை ஒரு நாள் வந்து ஒரு குழுவில் உட்கார்ந்து ஆடச் சொன்னால் அதற்குப் பிறகு புகார் குறையும்.

## பேச்சு சரளமாக வருகிறது, தப்புத் தப்பாக

'ஐ கோ மார்க்கெட் யெஸ்டர்டே' என்று சொல்லி ஏணியில் ஏறிவிடுகிறான். அந்த இடத்தில் திருத்தினால் அடுத்த முறை வாக்கியம் சுருங்கும், அதற்கடுத்த முறை வராது. ஏறட்டும். நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். வகுப்பே திருத்தும்.

அதே தப்பு வாரக்கணக்கில் மாறவில்லை என்றால், அதையே ஆட்டத்தின் விதியாக்குங்கள். இறந்தகாலம் சிக்குகிறதா? அடுத்த போர்டில் ஏணிக் கட்டமெல்லாம் 'வென்ட்', 'சா', 'ஏட்', 'பாட்'. சரியாகச் சொன்னால்தான் ஏணி. ஓர் ஆட்டத்தில் ஒரு தப்பைத்தான் பிடிக்க வேண்டும், நாலைப் பிடித்தால் பழைய இலக்கண வகுப்பு திரும்பி வந்துவிடும்.

போர்டில் எழுதியிருக்கிற வாக்கியமே சரிதானா என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் ஜெராக்ஸ் எடுக்கும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர், யாராக இருந்தாலும் சரி. தப்பான வாக்கியம் பத்துப் போர்டில் ஏறிவிட்டால் நாற்பது வாயிலும் ஏறிவிடும்.

## ஒரு பிள்ளை மட்டும் ஆட்டத்துக்குள் வரவே இல்லை

இங்கே அவசரப்படக் கூடாது. கூச்சம் என்று முத்திரை குத்துவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

### ஜோடி மாற்றினால் பேசுகிறதா?

பேசினால் பிரச்சினை ஆட்கள்தான். குழுவில் கேலி செய்கிறவர் யார் என்று பார்த்து இடம் மாற்றுங்கள். அதோடு முடிந்தது.

### அட்டையில் இருப்பதை நீங்கள் வாசித்துக் காட்டினால் பதில் வருகிறதா?

வந்தால் பேச்சில் குறையில்லை, வாசிப்பில்தான் சிக்கல். படம் மட்டும் உள்ள அட்டைகளைக் கொடுங்கள். டிக்ஸிட் என்ற பட அட்டை ஆட்டத்தின் பெட்டியில் 84 அட்டைகள், ஒன்றிலும் எழுத்துக் கிடையாது, ஆனால் விலை அதிகம். பழைய வார இதழ்ப் படங்களை வெட்டி ஒட்டினால் அதே வேலை ஆகும். பக்கத்துக்கு ஒரு படம் போட்ட, உருட்டி விழுந்த படங்களை வைத்துக் கதை சொல்கிற கதைப் பகடையையும் அட்டையில் செய்யலாம். பெட்டியில் வருவதுபோல ஒன்பதையும் ஒரே தடவை உருட்டினால் மிரண்டுபோவார்கள், மூன்றில் ஆரம்பியுங்கள்.

இதற்கிடையே தமிழ் ஆசிரியரிடமும் கேட்டுவிடுங்கள். தமிழ் நன்றாக வாசிக்கிறது என்றால் ஆங்கில எழுத்திலிருந்து பொறுமையாகத் தொடங்கலாம். தமிழிலும் எழுத்து மாறிப்போகிறது, வரி தாவுகிறது என்றால் அது ஆட்டத்தால் தீர்கிற விஷயமில்லை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் மூலம் அவர்களைக் கூப்பிடுங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. முறையாகப் பரிசோதித்துச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் சலுகைக்கும் வழியுண்டு. நீங்களே பெயர் வைத்துப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டாம்.

### அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, 'என்ன, என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறதா?

கண்ணும் காதும். பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் சொல்லிப் பார்க்கவையுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்க முடியாதென்றால் அரசு மருத்துவமனைக் கண் பிரிவு. கண்ணாடி போட்டதும் 'மந்தமான பிள்ளை' காணாமல் போய்விடுவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்.

### சொல் திக்குகிறதா?

மணல் கடிகாரம், கவுண்ட் டவுன் எதுவும் அந்தக் குழுவில் வேண்டாம். முடிக்கும்வரை மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கவும் கூடாது. தமிழிலும் திக்கினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்ப வேண்டியதுதான், வட்டார வள மையத்தில் கேட்டால் யாரிடம் போவது என்று சொல்வார்கள்.

## ஆட்டம் நன்றாகப் போகிறது, பரீட்சைத் தாளில் ஒன்றும் தெரியவில்லை

பெற்றோர் கேட்பார்கள், தலைமையாசிரியரும் கேட்பார். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஆட்டத்தில் பேசியது நோட்டுக்கு வரவே இல்லை. மணி அடிக்கும் முன் ஆளுக்கு மூன்று வாக்கியம். தான் சொன்னது ஒன்று, எதிரணி சொன்னது ஒன்று, சொல்ல நினைத்து வராமல் போனது ஒன்று. மூன்றாவது வாக்கியத்தைத் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, அடுத்த வாரப் போர்டுக்கு அது சரக்கு.

இன்னும் தெரியவில்லை என்றால் வாரா வாரம் புது ஆட்டம் மாற்றுகிறீர்களா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் போரடிக்கும் என்று நாம்தான் பயப்படுகிறோம். அதே போர்டை மூன்று நாலு வாரம் வையுங்கள், வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள்.

## காய் தொலைகிறது, போர்டு கிழிகிறது, பெட்டி வாங்கிவிடலாமா?

தொலைகிற காய்க்குப் புளியங்கொட்டை மாதிரி மருந்தில்லை. குழுவுக்கு ஒரு ஜிப் கவர், அதன்மேல் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியல். கிழிகிற போர்டை லேமினேஷன் செய்யலாம், ஆனால் அதில் வாக்கியத்தை நிரந்தரமாக எழுதிவிடாமல் கட்டங்களை வெறுமையாக விடுங்கள். மார்க்கரில் எழுதி அழித்தால் ஒரே போர்டு வருடம் முழுக்க ஓடும். நிறைய வகுப்புகளுக்குப் பெரிதாக வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துத் தரையில் விரிக்கிற அளவுக்கு அடிக்கலாம், பிள்ளைகளே காயாக நின்று நகர்வார்கள். அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு மாதமாவது சார்ட் அட்டையில் ஆடிப் பார்த்து, எந்தக் கட்டம் வேலை செய்யவில்லை என்று திருத்தியிருக்க வேண்டும்.

கடைப் பெட்டிக்குக் காசு கொடுப்பது கடைசி. வாங்கத்தான் வேண்டுமென்றால் நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ ஒரு பெட்டியைக் கடன் வாங்கி, ஒரு குழுவை வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். வாய்ப்பூட்டுச் சோதனையில் அது தேற எத்தனை விதி சேர்க்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் போனால் அந்தக் காசில் பத்துச் சார்ட் அட்டையும் ஒரு டஜன் பகடையும் வாங்கிக்கொள்ளலாம்.